புரூக் டிரவுட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒழிந்துவிடுமா?

கேள்வி: கனடாவின் கால்கரியில் வசிக்கிறோம். வார இறுதிகளில் மகனோடு ராக்கி மலை ஓடைகளில் தூண்டில் போடுவேன். புரூக் டிரவுட் வெளியிலிருந்து வந்த மீன், எவ்வளவு பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: ஒழியாது. சில இடங்களில் குறையும். அதுவும் எந்த மீனைத் திருப்பி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் ஊருக்குத் தென்மேற்கே, எல்போ ஆற்றில் சேரும் குவர்க் கிரீக்கில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1998 முதல், மீன்களை இனம் காணும் தேர்வில் தேறியவர்களைக் கொண்டு புரூக்கை மட்டும் எடுக்கவைத்தார்கள். அங்கே வெளிப்பட்ட சங்கடம், தூண்டிலில் சுலபமாக மாட்டுவது மண்ணின் மீன்களான கட்த்ரோட்டும் புல் டிரவுட்டும்தான் என்பது. புரூக் அத்தனை எளிதில் சிக்குவதில்லை. கண்டதையெல்லாம் கூடையில் போட்டால், காப்பாற்ற நினைத்த மீன்தான் முதலில் தீரும்.

இன்னொன்று, புரூக் இரண்டு வயதிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். விரல் நீளக் குஞ்சுகள் தூண்டிலுக்கு வராது. பெரியவற்றை எடுத்தால் அவற்றின் இரையும் இடமும் குஞ்சுகளுக்குத்தான் போகும். ஓரிரு ஆண்டு நீங்கள் போகாவிட்டால் ஓடை பழையபடி நிறைந்துவிடும். அடியோடு அகற்ற, மின்சாரம் பாய்ச்சி மயக்கி அள்ளவேண்டும், அல்லது மீன்களைக் கொல்லும் ரோட்டினோன் மருந்தைத் தண்ணீரில் விடவேண்டும். கீழிருந்து மீண்டும் ஏறி வராதபடி அருவியோ தடுப்போ இருக்கவேண்டும். அது அரசுத் துறையின் வேலை. ஆனால் அருவிக்கு மேலுள்ள சிற்றோடையில், விதி அனுமதித்தால், ஆண்டுதோறும் விடாமல் புரூக்கை எடுப்பதற்குப் பலன் உண்டு என்றே நினைக்கிறேன்.

மீனை இனம் காண முதுகுத் துடுப்பைப் பாருங்கள். "கறுப்பு இல்லையா, திரும்ப விடு" என்பது உங்கள் அல்பர்ட்டா மாகாணத்தில் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம். புல் டிரவுட்டின் துடுப்பில் கறுப்பே இருக்காது. அதைப் பிடித்தால் மாகாணம் முழுவதும் கட்டாயம் விட்டுவிட வேண்டும். ஆனால் கறுப்பு இருப்பதெல்லாம் புரூக் என்று எண்ணிவிடாதீர்கள், பலர் தவறுவது இங்கேதான். கட்த்ரோட்டின் துடுப்பிலும் கறுப்புப் புள்ளிகள் உண்டு. அதன் தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்று தெரியும். புரூக்குக்குத் துடுப்பில் கறுப்பு நெளிகோடுகளும், விலாவில் நீல வளையமிட்ட சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். புரூக்கும் புல் டிரவுட்டும் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடுகின்றன, அதனால் கலப்பினமும் பிறக்கிறது. ஐயம் வந்தால் விட்டுவிடுங்கள்.

விடும் மீன் பிழைக்கவேண்டுமே! தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றுங்கள். தண்ணீர் சூடேறும் கோடை மதியங்களில் தூண்டில் போடவே வேண்டாம்.

எதை எத்தனை எடுக்கலாம் என்பது ஓடைக்கு ஓடை மாறும். சில ஓடைகள் மூடியே இருக்கும். புறப்படுமுன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். 2016இல் பான்ஃப் பூங்காவின் ஜான்சன் ஏரியில் டிரவுட்டைத் தாக்கும் சுழல் நோய் கண்டறியப்பட்டது. அது பரவாமலிருக்க, ஓர் ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் பூட்ஸையும் வலையையும் சேறு போகக் கழுவி, நன்றாக உலர்த்திவிடுங்கள்.