உடுத்துவது நமக்கா, பார்ப்பவர்களுக்கா?

அலங்காரம் தன் திருப்திக்கா, பிறர் கண்ணுக்கா என்றால், இரண்டுக்கும்தான். ஆனால் பிறர் கண்ணுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு ரொம்ப அதிகம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு 2000-இல் வெளியிட்ட சோதனையில், போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் ஒவ்வொரு முறையும் ஒரு மாணவரை மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் கணித்தார்கள். கவனித்ததோ கால்வாசிக்கும் குறைவு.

டாக்டர் கோட் போட்டால் போட்டவரின் மனக்கவனம் கூடும் என்ற 2012 ஆய்வை இன்னும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2019-இல் அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதை நம்பி கோட் வாங்க வேண்டாம்!

நாள் முழுக்க உடையை உணர்வது உடுத்தியவர்தான். அதனால் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டும்போது கண்ணாடியைவிட உடம்பைக் கேளுங்கள். ஹீல்ஸைப் போட்டுக்கொண்ட பிறகே கொசுவம் வையுங்கள். வெறுங்காலில் அளந்து கட்டினால் கணுக்கால் தெரியும். தோளில் பின் குத்துமுன் கையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முந்தானை இறுக்கமாக இருந்தால் பந்தியில் கை நீட்டும்போதெல்லாம் இழுக்கும், கடைசியில் பின் குத்திய இடத்தில் பட்டு கிழியும். மடிப்புகளையெல்லாம் சேர்த்து, ரவிக்கையின் உள்பக்கமிருந்து குத்தினால் பாரம் ஒரே இழையில் விழாது.