ஃபோரம் தியேட்டரில் பார்வையாளர் எழுந்து வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி 40 நிமிட ஃபோரம் தியேட்டர் நாடகம் (பார்ப்பவரே எழுந்து வந்து கதையை மாற்றி நடிக்கும் வடிவம்) போட்டோம். முடிந்ததும், "யாராவது வந்து இதை மாற்றி நடித்துக் காட்டுங்கள்" என்று கூப்பிட்டோம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏன்?

பதில்:

கூச்சம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் நாடகத்தில்தான் பார்ப்பவருக்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகி சட்டம் பேசி ஜெயித்துவிட்டால், பார்ப்பவர் வந்து செய்ய என்ன மிச்சம்? கைதட்டிவிட்டுப் போவார்கள்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது விளங்கும். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால், 1973-ல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். நாடகத்தைப் பாதியில் நிறுத்துவார். பார்வையாளர் யோசனை சொல்வார்கள். நடிகர்கள் அதை நடிப்பார்கள். கணவனிடம் ஏமாந்த மனைவியின் கதை ஒன்றில், ஒரு பெண் சொன்ன யோசனையை நடிகை எத்தனை முறை நடித்தும் அவருக்குத் திருப்தியில்லை. "நீங்களே வந்து செய்யுங்கள்" என்றார் போவால். அந்தப் பெண் மேடையேறித் துடைப்பத்தை எடுத்துக் 'கணவனை' விளாசிவிட்டார். முதலில் வாயால் யோசனை, அது சரியாக வராத எரிச்சல், பிறகுதான் மேடை. நீங்கள் முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேராக மூன்றாவதுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

நாடகத்தை 15 நிமிடமாகக் குறையுங்கள். நான்கு காட்சி போதும். வீட்டில் கால் வலியோடு கிளம்புகிறாள். கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் உட்காருகிறாள், சூப்பர்வைசர் அதட்டுகிறார். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்களிடம் பேசிப் பார்க்கிறாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொள்கிறாள். முதலாளி முன்னால் மன்னிப்புக் கேட்கிறாள். அவ்வளவுதான். அவள் தோற்க வேண்டும். ஆனால் "இந்த இடத்தில் வேறு மாதிரி பேசியிருக்கலாமே" என்று பார்ப்பவருக்குத் தோன்றும்படி தோற்க வேண்டும். சாப்பாட்டு நேரக் காட்சியை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சூப்பர்வைசரை எதிர்ப்பதைவிட, தலை குனிந்த தோழியைப் பக்கம் சேர்க்கவே அதிகம் பேர் வருவார்கள்.

சூப்பர்வைசரை வில்லனாக்க வேண்டாம். அவருக்கும் மேலே ஆள் உண்டு, விற்பனை இலக்கு உண்டு. அந்த நடிகர் உடனே இறங்கியும் வரக்கூடாது, வந்தவரை நசுக்கியும் விடக்கூடாது. முதலில் வருபவர் அவமானப்பட்டுத் திரும்பினால் இரண்டாவது ஆள் வரமாட்டார். சூப்பர்வைசர் பாத்திரத்தையே மாற்றி நடிக்க யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அவர் தானாகத் திருந்திவிட்டால் நாடகமே இல்லை. நாளைக்குக் கடையில் இருக்கப்போவது பழைய சூப்பர்வைசர்தான்.

நாடகத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே நின்று ஆட்டத்தை நடத்துபவரைப் போவால் 'ஜோக்கர்' என்றார். நம் கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களோடும் பேசுவான், சபையோடும் பேசுவான் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை. ஒரு வித்தியாசம்: கட்டியங்காரன் கிண்டலடிக்கலாம், ஜோக்கர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. "அருமையான தீர்வு" என்று சொல்லிவிட்டால் சபை வாயை மூடிக்கொள்ளும். "நாளைக்குக் கடையில் இது நடக்குமா?" என்று மட்டும் கேட்கட்டும்.

மேடை வேண்டாம். தரையில், அரைவட்டமாக, 40 முதல் 60 பேர். விளக்கை அணைக்காதீர்கள். தொடங்கும் முன் பத்து நிமிட விளையாட்டு: உட்கார்ந்தபடியே வலது கையால் காற்றில் வட்டமும், இடது கையால் சிலுவைக் குறியும் ஒரே நேரத்தில் போடச் சொல்லுங்கள். அநேகமாக எல்லோருக்கும் தவறும், எல்லோரும் சிரிப்பார்கள். தப்பு செய்தால் பரவாயில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். நாடகம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசவிடுங்கள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை; அதை நடிகை நடிக்கட்டும். "இப்படித்தானா?" என்று கேளுங்கள். "இல்லம்மா, அப்படியில்ல..." என்று கையை ஆட்டுகிறவர்தான் உங்கள் முதல் ஆள். கதாநாயகியின் அடையாள அட்டையை அவர் கழுத்தில் மாட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முயற்சிகள் வந்தாலே நிறைவு.

எதில் கவனம் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கதைக்குச் சொந்தக்காரர் தன் பாத்திரத்தைத் தானே நடிக்க வேண்டாம். மூன்று நான்கு பேர் அனுபவத்தைக் கலந்து எழுதுங்கள்; எந்தக் கடை என்று தெரியக்கூடாது. வீடியோ எடுத்தால் வேலை போகும் ஆபத்து உண்டு, எடுக்காதீர்கள். பாலியல் வன்முறையை நடித்துக் காட்டி "நீ என்ன செய்திருப்பாய்?" என்று கேட்பது கொடுமை. தப்ப வழியே இல்லாத கட்டம் இந்த வடிவத்துக்கு உகந்ததல்ல. வழி இருந்த முந்தைய கட்டத்துக்குக் கதையை நகர்த்துங்கள். யாராவது உடைந்து அழுதால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கூடப் போய் உட்கார இருவரை முன்கூட்டியே வையுங்கள். மனம் லேசாகிறது என்பது உண்மைதான், ஆனால் இது மனநல சிகிச்சைக்கு மாற்று இல்லை.

ஒவ்வொரு முயற்சியையும் ஒருவர் எழுதி வைக்கட்டும். போவால் ரியோ நகர மன்ற உறுப்பினராக இருந்த 1993-96 காலத்தில், இப்படிச் சேர்த்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. உங்கள் விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது: கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் சேர வேண்டியது, ஸ்டூல் இருந்தும் உட்கார விடாமல் தடுப்பது எது என்பதுதான். பெயர்களை நீக்கிவிட்டு, அதைத் தொழிலாளர் துறைக்கு மனுவாகக் கொடுங்கள்.