ஸ்கூல் டேல ஆட 1,500 ரூவாயா? – அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, எங்க வீடு குலசேகரம் பக்கம். வீட்டுக்காரரு ரப்பர் பால் வெட்டப் போறாரு, நான் அண்டி ஆபீஸ்ல (முந்திரிக்கொட்டை உடைக்கற கம்பெனில) வேலை செய்யேன். மக அஞ்சாங்கிளாஸ், பக்கத்துல இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல படிக்கா. பிப்ரவரில ஸ்கூல் டே. குரூப் டான்ஸுக்கு டிரஸ் வாடகை, மேக்கப், வீடியோ எல்லாம் சேத்து 1,500 ரூவா கட்டணுமாம். வாட்ஸ்அப் குரூப்ல மிஸ் "கட்ட முடியாதவங்க தனியா வந்து சொல்லுங்க"ன்னு போட்டிருக்காங்க. போய் சொல்லவும் கூச்சமா இருக்கு. இவ என்னன்னா இப்ப "எனக்கு டான்ஸே வேண்டாம்"ங்கா. நான் என்ன செய்ய?
– பேர் வேண்டாம், குலசேகரம்

பதில்: தங்கச்சி, அந்த மிஸ் நல்ல மனசோட தான் போட்டிருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அது எப்படி நடக்குதுன்னு பாருங்க, பைசா உள்ளவங்க உக்காந்த எடத்துல இருந்தே ஜிபேல தட்டி விட்டுட்டு அடுத்த வேலையப் பாப்பாங்க, இல்லாதவங்க தான் அரைநாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறிப் போயி ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு "எங்ககிட்ட இல்ல மிஸ்"னு வாய் திறந்து சொல்லணும், அதுவும் இன்னொரு மிஸ் காதுல விழுந்தா அது கிளாஸ் பூரா போயிரும். அதுக்குப் பேரு சலுகை. எனக்கு வர்ற லெட்டர்ல பாதி இந்த கூச்சத்தப் பத்தி தான், பைசா இல்லாததப் பத்திக் கூட அவ்வளவு வர்றதில்ல.

இன்னொண்ணு, விழாவ எந்த மாசத்துல வைக்காங்கன்னு பாருங்க. தை மாசில ரப்பர் இலை உதிரும், புதுத் தளிர் வர்ற வரைக்கும் பால் கொறையும், நெறைய தோட்டத்துல வெட்டையே நிறுத்திருவாங்க. வெட்டு இல்லன்னா கூலியும் இல்ல. சரியா அந்த நேரத்துல தான் ஸ்கூல் டேக்கு பைசா பிரிக்க வராங்க. இது ஸ்கூல் கமிட்டிக்கு தெரியாதான்னு கேட்டா, குலசேகரம், அருமனை பக்கத்து கமிட்டில இருக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு சொந்தமா ரப்பர் தோட்டம் இருக்கும்னு உங்களுக்கே தெரியுமே, நான் என்னத்த சொல்ல.

நீங்க போங்க, ஆனா தனியா போகாதீங்க. உங்க நெலமைல அதே கிளாஸ்ல இன்னும் நாலஞ்சு அம்மாமாரு கண்டிப்பா இருப்பாங்க, அண்டி ஆபீஸ்ல உங்க பக்கத்துல உக்காந்து அண்டி தல்லுறவங்கள்லயே (உடைக்கறவங்கள்லயே) ஒருத்தர் இருந்தாலும் இருப்பாங்க. அவங்களயும் கூட்டிக்கிட்டுப் போங்க. எங்களுக்கு கொறச்சுக் குடுங்கன்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் கொறைங்கன்னு கேளுங்க. வீட்டுல உள்ள பாவாடை சட்டைல ஆடுற மாதிரி ஒரு பாட்டு எடுக்கலாம்லா, வீடியோ வேணும்னவங்க மட்டும் தனியா வாங்கட்டும், யாரு கட்டுனா யாரு கட்டலன்னு குரூப்ல லிஸ்ட் போட வேண்டாம். இத பிராக்டிஸ் தொடங்குறதுக்கு முன்ன சொல்லணும், டிரஸ்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்த பெறகு போனா "இனி ஒண்ணும் செய்ய முடியாதும்மா"ன்னு தான் பதில் வரும். வருசா வருசம் வாடகைக்கு எடுக்கற பைசாவுக்கு ஒரு தடவ துணி எடுத்து, உள்ள தையல் விட்டு கொஞ்சம் பெருசா தச்சு ஸ்கூல் அலமாரிலயே வச்சா மூணு நாலு வருசம் ஓடும், இதையும் சொல்லிப் பாருங்க.

மகளுக்கு சீட், தனியார் ஸ்கூல்ல இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாம குடுக்கற 25 சதவீத இட ஒதுக்கீட்டுல கிடைச்சதா? அப்படின்னா சட்டமும் உங்க பக்கம் தான். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010ல போட்ட விதிகள்ல, அந்தப் பிள்ளைகள புக்ஸ், யூனிஃபார்ம்ல இருந்து ஸ்போர்ட்ஸ், எக்ஸ்ட்ரா கரிக்குலர் வரைக்கும் எதுலயும் வித்தியாசமா நடத்தக் கூடாதுன்னு இருக்கு. ஆனா சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல அந்த மாதிரி ஸ்கூல் நெறைய, அதனால எந்த ஸ்கூல்னு விசாரிச்சிட்டுப் பேசுங்க. எடுத்த எடுப்புலயே சட்டத்தக் காட்டி சண்டைக்கும் போக வேண்டாம், பிள்ளை அங்க தான படிக்கணும்.

மககிட்ட "நெசமாவே வேண்டாமா"ன்னு இப்ப கேக்காதீங்க. இப்ப கேட்டா உங்க மொகத்தப் பாத்து தான் பதில் சொல்லுவா. பைசா விஷயம் ஒரு முடிவுக்கு வந்த பெறகு கேளுங்க, அப்பவும் வேண்டாம்னா சரி விட்டுருங்க, டான்ஸ் புடிக்காத பிள்ளைகளும் இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: ஸ்கூல் டேய எங்க பிள்ளைகளுக்கு கிராண்டா செய்யணும்னு நாங்க ஆசைப்படுறது குத்தமா? எல்லாத்தையும் கொறச்சா விழா கவர்மென்ட் ஸ்கூல் விழா மாதிரி ஆயிராதா? அடுத்தவங்க பிள்ளைக்கும் சேத்து நாங்க ஏன் குடுக்கணும்?
– பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) உறுப்பினர், நாகர்கோவில்

பதில்: அண்ணே, கவர்மென்ட் ஸ்கூல் விழான்னு எளக்காரமா சொல்லுறீங்க, 2022ல இருந்து கல்வித்துறை நடத்துற கலைத் திருவிழாவ ஒரு தடவ போய்ப் பாத்திருக்கீங்களா? ஸ்கூல்ல ஜெயிச்சு, வட்டாரம், மாவட்டம்னு தாண்டி மாநிலம் வரைக்கும் போகுது. பாத்துட்டு வந்து சொல்லுங்க.

உங்க மகன் பொறந்தநாள பெரிய ஹோட்டல்ல வையுங்க, யாரும் கேக்க மாட்டாங்க, அது உங்க பைசா. ஸ்கூல் டேங்கது ஸ்கூல் பேருல, ஸ்கூல் நேரத்துல பிராக்டிஸ் எடுத்து நடக்கற காரியம், அதுல மேடை ஏற பைசா கட்டணும்னா டிக்கெட் வாங்கினவன் மட்டும் ஆடுன மாதிரி ஆயிரும். அடுத்தவங்களுக்கு ஏன் குடுக்கணும்னு கேட்டீங்க. பந்தல், லைட்டு, மைக்செட்டு, சீஃப் கெஸ்ட்டுக்கு போத்துற பொன்னாடை, இதெல்லாம் எல்லாருமா சேந்து தான குடுக்கோம், அப்ப இந்தக் கேள்வி வரல, பிள்ளைக்கு பாவாடைன்னதும் வருது. கிராண்டா வேணும்னா செய்யுங்க, கல்ஃப்ல இருக்கற பழைய ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேளுங்க, உள்ளூர் கடைக்காரங்ககிட்ட விளம்பரம் வாங்குங்க, ஆனா வந்த பைசா மொத்தமா விழாக் கணக்குல சேரட்டும். இன்னார் உதவின்னு ஒரு பிள்ளைய மேடைக்கு கூப்பிட்டு டிரஸ்ஸ கையில குடுத்து ஃபோட்டோ எடுக்கற வேலை மட்டும் வேண்டாம் அண்ணே, கும்பிட்டுக் கேக்கேன்.

கேள்வி: நான் கடற்கரை ஊர்ல டீச்சர். கிறிஸ்மஸ் ஃப்ரெண்டு (சீட்டு எடுத்து, யார் பேரு வருதோ அவங்களுக்கு பரிசு குடுக்கறது) கிஃப்டுக்கு 50 ரூவா தான் லிமிட்னு சொல்லியும் சில பிள்ளைங்க 500 ரூவா வாட்ச் கொண்டு வருது, சில பிள்ளைங்க அன்னிக்கு லீவே போட்டுருது. டூருக்கும் இதே கதை. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, குளச்சல் பக்கம்

பதில்: டீச்சர், 50 ரூவான்னு நீங்க சொன்னா வீட்டுல அது "குறைஞ்சது 50"ன்னு தான் போய்ச் சேரும். அதனால தொகையே சொல்லாதீங்க, பொருளச் சொல்லுங்க. எல்லாரும் ஒரே மாதிரி ஒரு நோட்டு, இல்லன்னா கிளாஸ்லயே கையால செஞ்ச ஒரு கார்டு, பேரு எழுதாம ஒரு சாக்குல போட்டு கலக்கி எடுத்தா முடிஞ்சுது.

டூர் பைசாவ ஜூன் ஜூலைல கேக்காதீங்க. நம்ம மேற்குக் கரைல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடை, விசைப்படகு கரையில கெடக்கும், வீட்டுல அடுப்பெரியவே கணக்குப் பாக்கற நேரம். ஆகஸ்டுக்கு பெறகு கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க. எல்லா வருசமும் கொச்சி தீம் பார்க்குக்கே போகணும்னு யாரு சொன்னா? மாத்தூர் தொட்டிப்பாலத்து மேல நடக்காத, பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள கால் வைக்காத பிள்ளைக உங்க கிளாஸ்லயே எத்தனை பேருன்னு கைய தூக்கச் சொல்லிப் பாருங்க. காலைல போயி சாயங்காலம் வந்துரலாம், சோறும் வீட்டுல இருந்தே கெட்டிக் கொண்டு போலாம். அரண்மனை திங்கக்கிழமை லீவு, அதப் பாத்து தேதி போடுங்க.