வாசலைத் தாண்டாத வைஃபை: பினாங்கு வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சனி, ஞாயிறுகளில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுப்பேன். வீட்டுக்குள் ஃபைபர் நன்றாக ஓடுகிறது, போர்ச்சிலும் பின்பக்கத்திலும் தோட்டத்திலும் மட்டும் வைஃபை வருவதில்லை என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அலையை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், வயரை வெளியே கொண்டு போங்கள். பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

ஜெலுத்தோங் வாசகி: அக்கா, எங்களுடையது 20க்கு 70 அடி டெரஸ் வீடு. ரூட்டர் முன் ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கிறது. பின்னால் துணி காயப்போடும் இடத்தில் அம்மா உட்கார்ந்து தங்கையோடு வீடியோ காலில் பேசுவார். படம் அப்படியே நின்றுவிடுகிறது. 500 எம்பிபிஎஸ் வேகத் திட்டம்தான் வைத்திருக்கிறோம். இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். உங்களிடம் அது நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது, அம்மா உட்காரும் இடத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

டெரஸ் வீட்டில் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டியவர்கள் பழைய வெளிச்சுவரை நடுவில் அப்படியே விட்டிருப்பார்கள். அந்தச் சுவர், குளியலறை, ஃபிரிட்ஜ், அப்புறம் புதிய பின்சுவர் என்று நான்கு தடைகளைத் தாண்டித்தான் அலை அம்மாவிடம் வர வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். டிவியின் பின்புறம் உலோகம், எனவே ரூட்டரை அங்கிருந்து எடுத்து நெஞ்சு உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். போதவில்லை என்றால் சீலிங் வழியாக ஒரு கேட் 6 வயரை (நெட்வொர்க்குக்கான செம்பு வயர்) சமையலறைப் பின்சுவர் வரை இழுத்து, ஜன்னல் பக்கத்தில், வீட்டுக்குள்ளேயே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) மாட்டுங்கள். ஜன்னல் வழியாகப் பின்வாசலுக்கு அலை தாராளமாகப் போகும். வெளியே மாட்டும் கருவியே தேவைப்படாது. பழைய ரூட்டரை இதற்குப் பயன்படுத்துவதாக இருந்தால் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உருவாகி, பிரிண்டரும் கேமராவும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

குளுகோர் வாசகர்: கொண்டோ பால்கனியில் சிக்னல் ஒரே ஒரு கோடுதான் வருகிறது.

வெறும் கண்ணாடி அலையை அதிகம் தடுக்காது. வெயிலுக்காக ஒட்டிய ஃபிலிமில் உலோகப் பூச்சு இருந்தால் நன்றாகவே தடுக்கும். கதவைத் திறந்து வைத்துச் சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ரூட்டரையோ மெஷ் கருவியையோ (ரூட்டரின் வைஃபையை வேறு இடத்துக்கும் பரப்பும் துணைக்கருவி) பால்கனி பக்கத்துச் செங்கல் சுவரின் ஓரமாக நகர்த்துங்கள். வெளிச்சுவரில் துளை போட நிர்வாகத்திடம் அனுமதி வேண்டும்.

லெபோ குவீன் பக்கத்துக் கடைக்காரர்: நூறு வருடத்துக்கு மேலான கடைவீடு. முன்னால் கடை, பின்னால் குடியிருக்கிறோம். ஃபைபர் பின்னறையில் வருகிறது. அஞ்சடியில் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) மேசை போட்டிருக்கும் வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்க வேண்டும், பில் போடும் மெஷினும் அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஜார்ஜ் டவுன் கடைவீடுகள் அகலம் குறைந்து, ஆழம் நீண்டு கிடக்கும். சுவர் தடித்த செங்கலும் சுண்ணாம்பும். பின்னறையில் ரூட்டரை வைத்து முன்வாசலுக்கு அலை வரும் என்று காத்திருந்தால் வராது. ஆனால் அந்தக் காலத்து மேஸ்திரிகள் நமக்காக ஒரு வழி விட்டு வைத்திருக்கிறார்கள். நடுவில் வானம் தெரிய ஒரு முற்றம் இருக்கிறதல்லவா? மாடியில் அந்த முற்றத்தைப் பார்த்த மாதிரி ஒரு கருவியை வைத்தால், குறுக்கே சுவர் இல்லாமல் மேலும் கீழும் இரண்டு பக்கமும் போகும். குடியிருக்கும் பகுதிக்கு அது போதும்.

அஞ்சடிக்கு மட்டும் வயர் வேண்டும். மரத்தளத்துக்கு அடியில், உத்தரத்தின் ஓரமாகக் கொண்டு வந்து, கடையின் உள்பக்கம் முன்கதவுக்கு மேலே ஆக்சஸ் பாயிண்ட் மாட்டுங்கள். இரும்பு ஷட்டர் கீழே இறங்கினால் வெளியே சிக்னல் செத்துவிடும், கடை மூடியிருக்கும்போது அது நல்லதுதான். பில் மெஷினை வயரிலேயே போடுங்கள். வாடிக்கையாளருக்குத் தனியாக விருந்தினர் நெட்வொர்க் திறந்துவிடுங்கள், இரண்டும் கலக்கவே கூடாது. உங்கள் தெரு 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் வருகிறது. முகப்பில் ஆணி அடிப்பதற்கு முன் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள்.

சுங்கை ஆரா வாசகர்: நான்கு ஆண்டெனா, ஆறு ஆண்டெனா என்று விற்கிறார்களே, எந்த பிராண்ட் ரூட்டர் வெளியே அதிக தூரம் போகும்?

கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு இரண்டு தெருவுக்குக் கேட்கும். அங்கிருந்து நீங்கள் வாயால் பதில் சொன்னால் கோயிலில் இருப்பவருக்குக் கேட்குமா? ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் உங்கள் கைத்தொலைபேசியின் குரல் சின்னது. அது திரும்பப் பேச முடிய வேண்டும். முழுக் கோடு காட்டியும் எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். எனவே பிராண்டைத் தேடாதீர்கள், கருவியை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை: எங்களுடையது கார்னர் லாட். காம்பவுண்டுக்குள் 25 மீட்டர் தள்ளி ஒரு சின்ன அறை கட்டி டியூஷன் எடுக்கிறேன். கேட் 6 வயரைக் குழாயில் போட்டுப் புதைத்துவிடலாம் என்று கணவர் சொல்கிறார். 100 மீட்டர் வரை போகும்தானே?

100 மீட்டர் வரை போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தயவுசெய்து செம்பு வயரால் இரண்டு தனிக் கட்டடங்களை இணைக்காதீர்கள். காரணம் இடி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து பின்னால் இருக்கும் ஸ்டோருக்கு 20 மீட்டர் கேட் 6 நானே புதைத்தேன். ஓர் அக்டோபர் சாயந்திரம், இடி எங்கள் வீட்டில் விழவில்லை, பக்கத்தில் எங்கேயோ தரையில் விழுந்தது. ஸ்டோர் கேமரா, சுவிட்ச், ரூட்டர், ஃபைபர் பெட்டி, டிவி என்று அந்த வயரோடு தொடுப்பு இருந்த எல்லாம் ஒரே நொடியில் போயிற்று. மகனுக்கு மறுநாள் ஆன்லைன் தேர்வு.

மின்னல் மண்ணில் இறங்கும்போது மின்னோட்டம் சுற்றிலும் பரவும். அந்த நொடியில் இங்கே இருக்கும் தரையின் வோல்டேஜ் வேறு, 25 மீட்டர் தள்ளி இருக்கும் தரையின் வோல்டேஜ் வேறு. நடுவில் ஒரு செம்பு வயர் இருந்தால் அந்த வித்தியாசம் அதன் வழியாக ஓடிச் சமமாகப் பார்க்கும். நெட்வொர்க் போர்ட்டின் காப்பு 1,500 வோல்ட்டைத் தாங்கும் கணக்கில் செய்தது. மின்னல் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்த அறைக்குக் கண்ணாடி இழையே, அதாவது ஃபைபரே போடுங்கள், அதில் மின்சாரம் ஓடாது.

புக்கிட் மெர்தாஜம் வயர்மேன்: தங்கச்சி, நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எர்த் ஒழுங்காக இருந்து, இரண்டு பக்கமும் அரெஸ்டர் (மின்னலின் அதிக வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டால் கேட் 6 தாராளமாகப் போதும். அந்த அறைக்கு லைட்டும் ஃபேனும் போட எப்படியும் கரண்ட் வயர் போகிறது. அது செம்பு இல்லையா? வீணாக ஏன் செலவு வைக்கிறீர்கள்?

அண்ணே, கரண்ட் வயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதையும் சேர்த்தே நான் எழுதியிருக்க வேண்டும். அந்த வயருக்கு இரண்டு முனையிலும் மின் பெட்டியில் அரெஸ்டர் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஃபைபர் மட்டும் போட்டால் அறையில் இருக்கும் அடாப்டர் எரியலாம். ஆனால் அது கண்ணாடியைத் தாண்டி வீட்டு ரூட்டருக்கு வராது.

புக்கிட் மெர்தாஜம் வயர்மேன்: எலி கடித்தால்? கேட் 6 என்றால் அரைமணியில் ஒட்டிக் கொடுப்பேன். கண்ணாடியை யார் ஒட்டுவது?

நியாயமான கேள்வி. முனை கட்டியே விற்கும் கேபிளை வாங்கி, பிவிசி குழாய்க்குள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடுங்கள். ஒன்று போனால் மற்றதைச் செருகலாம், ஒட்டவே வேண்டாம். அரெஸ்டர் முறைக்கு எர்த் கம்பி குட்டையாக, நேராக, நல்ல மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் செய்தால் அப்படிச் செய்வீர்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் அரெஸ்டரின் எர்த் வயர் எதிலும் மாட்டாமல் தொங்குகிறது.

ஆயர் ஈத்தாம் மாணவர்: அக்கா, தூணிலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளில் ஒரு இரும்புக் கம்பியும் சேர்ந்து வருகிறதே! அதே வகைக் கேபிளை வாங்கிப் புதைத்தால் அதில் மின்சாரம் ஓடாதா?

ஓடும்! தம்பி, இதைக் கேட்டதற்கு நன்றி. அந்தக் கம்பி கேபிளைத் தொங்கவிடுவதற்காக. புதைப்பதற்கு வாங்கும்போது உலோகமே இல்லாத, உள்ளே நார்க்கண்ணாடிக் குச்சி வைத்த கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதற்கு அர்த்தமே இல்லை.

புக்கிட் மெர்தாஜம் வயர்மேன்: சரி, தனிக் கட்டடத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். போர்ச் சுவரில் மாட்டும் ஆக்சஸ் பாயிண்டுக்குமா ஃபைபர்?

வேண்டாம் அண்ணே. அதே கட்டடம், கூரை இறக்கத்துக்குக் கீழே என்றால் கேட் 6 சரிதான். வெயில் படும் இடத்தில் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வயர், சுவருக்குள் நுழையும் முன் தண்ணீர் சொட்டிவிட கீழ்நோக்கி ஒரு வளைவு. உயரமான கம்பத்தின் உச்சியில் மட்டும் மாட்டக் கூடாது.

தஞ்சோங் பூங்கா வாசகி: போர்ச்சுக்கு அதிக தூரம் போகும் நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன்.

சுங்கை ஆராவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஜாலான் உத்தாமா பக்கத்திலிருந்து ஒருவர்: தைப்பூசத்துக்கு எங்கள் வீட்டு முன்னால் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அங்கிருந்து காவடிகளை நேரலையாகக் காட்ட ஆசை. போன வருடம் கூட்டம் வந்ததும் வைஃபை அறுந்துவிட்டது.

கூட்டம்தான் காரணம். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் அலையைக் குடித்துவிடும். காலையில் காலி இடத்தில் சோதித்தது ராத்திரிக்குப் பொருந்தாது. கேமரா இணைந்திருக்கும் கணினிக்கு வீட்டிலிருந்து நேராக வயர் கொடுங்கள். ஃபைபர் திட்டத்தில் மேலேற்றும் வேகத்தையும் பாருங்கள், தெளிவான நேரலைக்குக் குறைந்தது 6 எம்பிபிஎஸ் நிலையாக வேண்டும். தொண்டர்களுக்கு வைஃபை வேண்டுமென்றால் கருவியைத் தலைகளுக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் கட்டி 5 கிகாஹெர்ட்ஸில் விடுங்கள். வயரை நடைபாதையின் குறுக்கே விடாதீர்கள், வெறுங்காலோடு வருகிறார்கள். இடி இடித்தால் வீட்டுப் பக்கத்து முனையைக் கழற்றிவிடுங்கள்.

பாலிக் பூலாவ் வாசகர்: டுரியான் தோட்டத்துக் குடிசை, எங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டர். டுரியான் காலத்தில் கேமரா வைக்க வேண்டும்.

மரங்களுக்கு ஊடாக வைஃபை போகாது, மழையில் நனைந்த இலை சுவர் மாதிரி. இரண்டு முனையும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் பாலக் கருவி (இரண்டு இடங்களை அலையால் இணைப்பது) ஒரு ஜோடி போடலாம். ஆனால் நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. 400 மீட்டரின் நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 மீட்டருக்கு மேல் கிளை இல்லாமல் இருக்க வேண்டும், கிளை வளரவும் செய்யும். மலைச்சரிவில் இது அமைவது கஷ்டம். கேமராவுக்கு மட்டும் என்றால் சிம் போட்ட 4ஜி ரூட்டர் வாங்கிக் குடிசையில் வையுங்கள்.

ஜெலுத்தோங்கிலிருந்து இன்னொருவர்: ஃபைபர் பெட்டியையே போர்ச்சுக்கு நானே நகர்த்தலாமா?

கூடாது. வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. அந்த இழையை மடித்தால் ஒளி கசிந்துவிடும். உள்ளே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் உங்கள் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

பாயான் பாரு வாசகர்: 120 வெள்ளிக்கு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி போர்ச்சில் செருகினேன். முழுக் கோடு காட்டுகிறது, வேகம் இல்லை.

சிக்னல் இல்லாத இடத்தில் வைத்தால் எதைப் பெருக்கும்? வீட்டுக்குள், வேகம் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். அங்கே வைத்தாலும் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்றால் வேகம் பாதியாகும். வயர்தான் வழி.

ரெலாவ் வாசகர்: பில் போன மாதம் கூடுதலாக வந்திருக்கிறது...

அது என் துறை இல்லை, வாடிக்கையாளர் சேவையைக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை: அக்கா, கணவர் ஃபைபருக்குச் சம்மதித்துவிட்டார். கடையில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

நல்ல முடிவு, டீச்சர். உலோகமில்லாத, முனை கட்டிய சிங்கிள் மோட் கேபிள், 40 மீட்டரில் இரண்டு. 25 மீட்டர் என்பது நேர்கோட்டில், குழாய் சுற்றிக்கொண்டு போகும். மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் வயரோடு இணைக்கும் பெட்டி) ஒரு ஜோடி, ஒன்றில் ஏ என்றும் மற்றதில் பி என்றும் போட்டிருக்க வேண்டும், இரண்டு ஏ வாங்கினால் பேசிக்கொள்ளாது. முனையின் நிறத்தைப் பாருங்கள்: வீட்டுக்கு வந்த இழையின் முனை பச்சையாக இருக்கும், கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் நீலம். நுனியைத் தேய்த்த கோணமே வேறு, பச்சையை நீலத்தில் செருகாதீர்கள். கேபிள் வாங்கும்போது கன்வெர்ட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிறம் பொருத்திப் பாருங்கள். அறைக்குள் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், இரண்டு மின் பெட்டிக்கும் அரெஸ்டர். அரெஸ்டரை மட்டும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் மாட்டட்டும். குழாய்க்குள் கேபிளை இழுக்கும்போது முனையைப் பிடித்து இழுக்காதீர்கள், உறையில் கயிறு கட்டி மெதுவாக இழுங்கள். முனையைக் கன்வெர்ட்டரில் செருகும் வரை அதன் மூடியைக் கழற்ற வேண்டாம், தூசி பட்டால் ஒளி குறைந்துவிடும்.