எலிவேற்றர் வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில், கமக்காரரின் தானியத்தை வாங்கிச் சேர்த்து ரயிலில் ஏற்றும் தானிய எலிவேற்றரில் வேலைக்குக் கடிதம் கிடைத்திருக்கிறது, ஆனால் ரொறன்ரோ உறவுகள் "அறுவடை முடிய வேலையும் முடிஞ்சிடும், போகாதே" என்று தடுக்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். 2012இல் இந்த வேலைக்கு வந்தவன் நான். இன்றும் இதில்தான் இருக்கிறேன்.

அவர்கள் சொல்வது பிழை. அறுவடை ஓகஸ்டில் தொடங்கி ஒக்ரோபர் அளவில் முடிந்துவிடும். அந்த விளைச்சலைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வருடம் முழுக்க வேண்டும். தை, மாசியிலும் கமக்காரரின் தகரக் குதிர்களில் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய் வித்தும் பருப்பும் கிடக்கும். அவர்களுக்குக் காசு தேவைப்படும்போது, எங்களுக்கு ரயில் வரும்போது, லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

லொறி வந்ததும் மாதிரி எடுத்து ஈரம் பார்ப்போம். கோதுமையென்றால் 14.5 சதவீதம், கனோலாவென்றால் 10 சதவீதம் வரைதான் உலர்ந்த தானியம் என்று கணக்கு. கனோலா பார்வைக்குக் கடுகு மாதிரி. நூறு விதையை ஓர் ஒட்டுப் பட்டியில் பதித்து உருளையால் நசுக்க வேண்டும். இப்படி ஐந்து பட்டி. உள்ளே மஞ்சளாக இருந்தால் நல்ல விதை. நல்ல பச்சையாக இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணுவோம். 500 விதையில் பச்சை பத்தைத் தாண்டினால் முதல் தரம் போய்விடும். ஒரு வருட உழைப்பைக் கொண்டுவந்த மனிதர் எதிரே நின்று உங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படாமல் எண்ணுங்கள். சந்தேகம் வந்தால் அவர் கண் முன்னாலேயே திரும்ப எண்ணுங்கள்.

எங்கள் வீட்டு மைசூர் பருப்பும் இந்த மண்ணில்தான் விளைகிறது. கனடாவிலிருந்து இலங்கைக்கும் போகிறது. தோலோடு மண்ணிறமாக இருக்கும், பிளந்தால்தான் அந்தச் செம்மஞ்சள் தெரியும்.

ரயில் வந்துவிட்டால் இரவு பகல் கிடையாது. தானியத்தை மேலால் கொட்டிக் கீழால் இறக்கும் ஹொப்பர் பெட்டிகள் நூறுக்கு மேல் வரும், ஒவ்வொன்றும் 90 தொன்னுக்குக் குறையாமல் கொள்ளும். ரயில்காரர் கொடுத்த நேரத்துக்குள் நிரப்பினால் எங்கள் நிறுவனம் கட்டும் ரயில் கூலியில் கழிவு உண்டு, அதனால் ஷிஃப்ற் மாற்றி மாற்றி நிரப்புவோம். கிழக்கே போவது தண்டர் பே துறைமுகத்தில் ஏரிக் கப்பலேறி, சென் லோறன்ஸ் ஆற்று வழியாகக் கடலுக்குப் போகும். நடுக்குளிரில் அந்தப் பாதை உறைந்து மூடிவிடும். ஆகவே குளிர் காலத்தில் பெரும்பாலான பாரம் மேற்கே, மலைகளைத் தாண்டி வன்கூவர், பிரின்ஸ் ருப்பேர்ட் துறைமுகங்களுக்குத்தான்.

சிக்கல் அங்கேதான். குளிர் சைபருக்குக் கீழே 25 பாகையைத் தாண்டினால் நீள ரயிலில் பிரேக்குக்கான காற்றழுத்தம் கடைசிப் பெட்டிவரை நிற்காது. ரயிலைக் குட்டையாக்குவார்கள். குட்டையாக்கினால் அதே பாரத்துக்குக் கூடுதல் எஞ்சின், கூடுதல் ஆட்கள். வன்கூவரிலோ மழை. தானியம் நனையக்கூடாது என்று கப்பலின் மூடியைத் திறக்கமாட்டார்கள். 60,000 தொன் கொள்ளும் கப்பலென்றால் ஆறேழு ரயில் போய்ச் சேர வேண்டும். அதுவரை கப்பல் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். காத்திருக்கும் செலவு கடைசியில் கமக்காரருக்குக் கிடைக்கும் விலையில்தான் குறையும்.

என் இரண்டாவது குளிர், 2013-14, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதுவரை காணாத விளைச்சல், கொடுங்குளிர், ரயில் இல்லை. எங்கள் குதிர்கள் வாய்வரை நிறைந்துவிட்டன. வங்கிக் கடன் கட்ட வேண்டிய ஒரு முதியவர் காலையில் வந்து "இன்றைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்பார். வாரக்கணக்காக இல்லை என்றே சொல்லவேண்டி வந்தது. 2014 மார்ச்சில் அரசு தலையிட்டு, பெரிய ரயில் நிறுவனங்கள் இரண்டும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் தொன் ஏற்றவேண்டும் என்று உத்தரவு போட்டது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது. அந்த முதியவரின் கோதுமையை எடுத்தபோது ஏற்கெனவே விலை விழுந்திருந்தது. ஏற்ற ரயில் இல்லாவிட்டால் எங்களுக்கும் மேலதிக நேரம் கிடையாது, அந்தச் சம்பளம் குறையும். உறவுகள் சொன்னதில் உண்மை இருக்கிறதென்றால் இவ்வளவுதான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். யார் அவசரப்படுத்தினாலும் குதிருக்குள் தனியாக, இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்காதீர்கள். ஓடும் தானியம் சில நொடியில் ஆளை விழுங்கிவிடும். நெஞ்சளவு புதைந்தாலே கையால் இழுத்து எடுக்க முடியாது. தூசு கிளம்பும் இடத்தில் நெருப்புப் பொறியே கூடாது, வெடிக்கும்.

சப்பாத்தும் ஜக்கெட்டும் இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் வாங்குவது இந்தக் குளிருக்குக் காணாது. கார் ஓட்டத் தெரியாமல் வந்தால் கஷ்டப்படுவீர்கள். ரயில் வராத வாரத்தில் எத்தனை மணித்தியால வேலை உறுதி என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்து வைக்க முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.