இதைப் பார்த்தது யார்?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வயது 34. நான்கு வருடங்களாகச் சிறுகதை எழுதுகிறேன். 11 கதைகள் ஆரம்பித்ததில் 7 பாதியில் நிற்கின்றன. முடித்து அனுப்பிய நான்கும் அச்சாகவில்லை. என் அம்மாச்சி வீட்டில் தீப்பெட்டி ஒட்டித்தான் என் அம்மாவைப் பள்ளி இறுதி வரை படிக்கவைத்தார். அதைக் கதையாக எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதையை எங்கே தொடங்குவது என்றே எனக்குப் பிடிபடவில்லை. கதை சொல்லும் பகுதியையும் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதலாமா, உரையாடலில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா? படித்த என் மாமா, "கடைசியில் கருத்து எங்கே?" என்று கேட்டார். ஒரு கருத்தைச் சேர்த்தேன். அது ஒட்டவில்லை என்று எனக்கே தெரிகிறது. வீட்டார் தங்களை அடையாளம் கண்டுகொண்டு வருத்தப்படுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கதையை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆனால் கதையை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில்தான் முடிச்சு விழுந்திருக்கின்றன. அந்த இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன். கதையில் உங்கள் அம்மாவின் பெயர் செல்வி; ஒட்டிய பெட்டிகளைக் கணக்கெடுக்க வருபவர் ஏஜென்ட். மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

"அம்மாச்சி பசையைத் தொட்டுத் தொட்டுப் பெட்டியை ஒட்டினாள். தன் வாழ்க்கை இப்படியே முடிந்துவிடுமோ என்று அவள் மனம் ஏங்கியது. செல்வி படிப்பதுபோல் பாவனை செய்தாள். அவளுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாசலில் நின்ற ஏஜென்ட், இந்த வாரமும் கணக்கில் குறைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்."

ஐந்தே வாக்கியம். அதற்குள் மூன்று பேருடைய மனதுக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டீர்கள். வாசிப்பவருக்கு யார் பக்கத்திலும் உட்கார நேரமில்லை. ஏஜென்ட் ஏமாற்றப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவர் ஏமாற்றும்போது நமக்குத் திடுக்கிடலும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் அவர் 'அம்மாச்சி'. நான்காம் வாக்கியத்தில் 'அம்மா'. ஒரே பெண், ஒரே பத்தி, இரண்டு உறவு. அந்த இரவில் அவரை அம்மாச்சி என்று கூப்பிட அந்த வீட்டில் யாருமே இல்லை; நீங்கள் பிறக்கவே இல்லை. தமிழில் உறவுச்சொல் ஒன்றை எழுதிய உடனேயே பார்ப்பவர் யார் என்பதும் சேர்ந்து எழுதப்பட்டுவிடுகிறது. அம்மா என்றால் மகள் பார்க்கிறாள். மதினி என்றால் நாத்தனாரோ கொழுந்தனோ பார்க்கிறார். 'அந்தப் பொம்பளை' என்றால் ஏஜென்ட் பார்க்கிறார். பெயரைச் சொல்லி எழுதினால் யாருக்கும் உறவில்லாத ஒருவர் தள்ளி நின்று பார்க்கிறார். இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே கதையின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதுதான் உங்கள் கதையின் சிக்கல்.

இதை நான் படிப்பால் தெரிந்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். கணவன் இறந்த வீட்டில், எல்லோரும் போன பிறகு, ஒருத்தி விளக்குகூட ஏற்றாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். "அவள் முகம் வெளிறிக் கிடந்தது" என்று எழுதியிருந்தேன். கதை திரும்பி வந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு, ஓரத்தில், "இதைப் பார்த்தது யார்?" வேறு எதுவும் இல்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் புரிந்தது. இருட்டு அறை, அவள் தனியாக இருக்கிறாள், கண்ணாடியும் இல்லை. வெளிறிய முகத்தை யார் பார்த்தார்கள்? அவளுக்குத் தெரிந்தது தரையின் குளிர்ச்சியும் பக்கத்து வீட்டு ரேடியோவும்தான். அதை எழுதியிருக்க வேண்டும். இன்றுவரை எதை எழுதினாலும் அந்தப் பென்சில் கோடு என்னோடு வருகிறது.

உங்கள் பத்தியை செல்வியின் கண்ணில் மட்டும் வைத்து எழுதிப் பார்த்தேன். உங்கள் கதையில் கைவைக்கும் உரிமை எனக்கு இல்லை. எடுத்துக்காட்டாக மட்டும் பாருங்கள்:

"அம்மாவின் விரல் பசைக் கிண்ணத்துக்கும் பெட்டிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. செல்வி புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். ஏஜென்ட் வாசலில் நின்றபடியே நோட்டைப் பிரித்தார். 'எட்டு குரோஸ்தானே?' என்றார். அம்மா நிமிரவில்லை. ஒன்பது என்று செல்விக்குத் தெரியும். எண்ணி அடுக்கியது அவள்தான்."

ஏக்கம், பாவம், ஏமாற்று என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அத்தனையும் நோட்டில் ஏறாமல் போகின்றன. அம்மா ஏன் நிமிரவில்லை? பயமா, அசதியா, எதிர்த்துப் பேசினால் நாளைக்குப் பெட்டி கிடைக்காது என்ற கணக்கா? செல்விக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவள் அதை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். வாசிப்பவரும் நினைத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் பக்கத்து மண்ணிலிருந்தே ஒரு கதையைச் சொல்கிறேன். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. பிள்ளைகளுக்குப் புத்தகமும் பரிசும் கொடுக்கிற ஒருவர் தன் வாயால் சொல்லும் கதை அது. சாரங்கன் என்ற பையனுக்கு அவரிடமிருந்து எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பையனின் மனதுக்குள் ஆசிரியர் ஒரு தடவைகூட நுழைவதில்லை. அவன் வந்து நிற்பதையும் கேட்பதையும் மட்டுமே நாம் பார்க்கிறோம். கடைசியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது. அவன் எவ்வளவு ஏங்கினான் என்று ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தக் கதை இத்தனை வருடம் நம்மோடு வந்திருக்காது. இன்னும் வாசிக்கவில்லை என்றால் உடனே வாசியுங்கள். வாசித்திருந்தால், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்து இன்னொரு முறை வாசியுங்கள்.

இனி வட்டார வழக்கு. கோவில்பட்டிக்கு அருகில் இருக்கும் இடைசெவல் உங்களுக்குத் தெரிந்த ஊராகத்தான் இருக்கும். அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே வயது, நண்பர்கள். ஒரே கரிசலைப் பார்த்து வளர்ந்தவர்கள். அழகிரிசாமி கதை சொல்லும் பகுதியைத் தெளிவான எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டார். கி.ரா.வோ கதைசொல்லியையே ஊர்க்காரராக்கி, திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்லவைத்தார். இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஒருவருக்கு 1970இல், இன்னொருவருக்கு 1991இல். ஆகவே எது சரி என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கதையைச் சொல்வது யார் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். அம்மாச்சியின் பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள் என்றால் முழுக்க ஊர்ப்பேச்சிலேயே சொல்லட்டும். பெயரில்லாத ஒரு குரல் செல்வியின் தோளருகே நின்று சொல்கிறது என்றால் எழுத்துத் தமிழே போதும். இப்போது உங்கள் கதையில் ஒரு பக்கம் அப்படியும் ஒரு பக்கம் இப்படியும் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

உரையாடலில் வழக்கை எழுதும்போது, காதில் விழும் ஒவ்வொரு ஓசையையும் எழுத்தில் பிடிக்க முயல்கிறீர்கள். சில வரிகளை நானே வாய்விட்டுப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். எழுத்தைச் சிதைக்கச் சிதைக்க, வெளியூர்க்காரர் சொல்லைக் கூட்டிப் படிப்பதிலேயே களைத்துப்போவார். ஊர் இருப்பது சொல்லிலும் சொல்லை அடுக்கும் முறையிலும். கி.ரா. கரிசல் சொற்களைத் திரட்டி 1982இல் ஒரு வட்டார வழக்கு அகராதியே கொண்டுவந்தார். அப்படி நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் கதையில் பெட்டி ஒட்டுகிற வேலையைப் பற்றி 'கடினமாக உழைத்தாள்' என்று நான்கு இடத்தில் வருகிறது. அந்த வேலையின் சொற்களோ எங்கும் இல்லை. பசையை எதில் காய்ச்சினார்கள்? பெட்டி காய்வதற்குப் பரப்பிய இடத்துக்கு வீட்டில் என்ன பெயர்? சரியாக ஒட்டாத பெட்டியை என்னவென்று சொல்லி ஒதுக்கினார்கள்? நூறு வாக்கியத்தை வழக்கில் எழுதுவதைவிட அந்த ஒரு சொல் ஊரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

உரையாடலைப் பற்றி இன்னும் ஒன்று: 'வினவினாள்', 'பதிலிறுத்தாள்', 'ஆதங்கப்பட்டாள்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'என்றாள்' போடுங்கள். பல இடங்களில் அதுவும் தேவைப்படாது. 'சொல்லுங்கள்', 'சொல்லு', 'சொல்லேன்டி' என்ற மூன்றிலும் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது வினைச்சொல்லிலேயே இருக்கிறதே.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு உங்கள் கதையே பதில் வைத்திருக்கிறது. முதல் ஒன்றேகால் பக்கம் கரிசல் பூமியின் வறட்சியும் விடியலும் தீப்பெட்டித் தொழிலின் வரலாறும். யாரும் எதையும் செய்யவில்லை. "அன்று ஒரு குரோஸ் குறைந்தது" என்ற வரி நான்காவது பத்தியில் வருகிறது. அதுதான் தொடக்கம். முன்னால் எழுதியவை வீண் இல்லை. கதைக்குள் இறங்க உங்களுக்கு அவை தேவைப்பட்டன. வாசகருக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். வறட்சியைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் செல்வி தண்ணீர்க் குடத்தோடு போகும்போது ஒரு வரியில் வந்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மாமா கேட்ட கருத்துக்கு வருகிறேன். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, சான்றிதழ் வாங்கப் போகும் செல்வி பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அவள் விரலில் காய்ந்திருந்த பசை உரிந்து அந்தத் தாளில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தலைமையாசிரியர் பார்ப்பதற்குள் அவள் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுகிறாள். இந்த இடத்தில் நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். இதை எழுதியவருக்கு எழுத வருமா என்ற சந்தேகம் யாருக்கும் வரக் கூடாது, உங்களுக்கும்தான். ஆனால் அதற்குப் பிறகு, "உழைப்பே உயர்வு தரும் என்பதற்கு அம்மாச்சியின் வாழ்வே சான்று" என்று ஒரு பத்தி. அது உங்கள் மாமாவுக்காக எழுதியது. அவர் கேட்ட கருத்து செல்வி நகத்தால் பசையைச் சுரண்டும் அந்த இடத்தில் இருக்கிறது: பெருமையும் கூச்சமும் ஒரே விரலில். கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள்.

பாதியில் நிற்கும் 7 கதைகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையை வைத்து ஒரு ஊகம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எல்லோர் மனதையும் முதல் மூன்று பக்கத்திலேயே திறந்து காட்டிவிட்டால் நான்காம் பக்கத்தில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. பேனா தானாக நின்றுவிடும். ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரே ஒருவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து மறுபடி தொடங்கிப் பாருங்கள். மற்ற ஆறும் காத்திருக்கட்டும்.

வீட்டாரைப் பற்றிய பயம் நியாயமானது. பெயரை மாற்றுவதால் அது போகாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் பிரதியை யாருக்கும் காட்டாமல், யாருக்கும் பயப்படாமல் எழுதி முடியுங்கள். பயந்துகொண்டே எழுதினால் அம்மாச்சி ஒரு தெய்வப் படமாகிவிடுவார். இப்போதே கொஞ்சம் ஆகியிருக்கிறார். ஒரு நாளாவது அவர் மகளைத் திட்டியிருக்க மாட்டாரா? அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் மட்டும் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லும் இடம் ஒன்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். இதில் என்னோடு மாறுபடும் எழுத்தாளர்கள் நிறைய. என் மனம் இப்படித்தான் சொல்கிறது: அந்த இரவில் பெட்டியை எண்ணியது உங்கள் அம்மா, அவருக்கு அந்த உரிமை உண்டு.

இந்த வாரம் கதையில் ஒரு எழுத்தையும் திருத்த வேண்டாம். ஒரு சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி ஒட்டும்போது விளக்கு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அம்மாச்சியின் முகம் தெரிந்ததா, முதுகு தெரிந்ததா, கை மட்டும்தான் தெரிந்ததா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரதி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.