தனி சர்வர் எடுத்தும் தளம் காலையில் திணறுகிறது, 32 ஜிபிக்கு மாறலாமா?

மன்னார்குடியிலிருந்து உளுந்து, பயறு விலைத் தளம் நடத்துபவர் கேட்டிருப்பது இது. 16 ஜிபி ராம் உள்ள தனி சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது. அப்பாச்சி (பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர்), பிஎச்பி (பக்கங்களை உருவாக்கும் நிரல் மொழி), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) ஓடுகின்றன. தினமும் காலை ஆறரையிலிருந்து ஒரு மணி நேரம் தளம் திறப்பதே இல்லை, மற்ற நேரத்தில் பரவாயில்லை. சர்வர் கொடுத்தவர்கள் 32 ஜிபிக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

இப்போதைக்கு மாறாதீர்கள். ராம்தான் பற்றவில்லை என்று இதுவரை யாரும் அளந்து காட்டவில்லை. தினமும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகிற கோளாறு என்றால், முதல் சந்தேகம் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை மேல்தான் போக வேண்டும். சர்வரில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளை கொடுத்து அது எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். பல சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். யாரோ "ராத்திரி 1 மணிக்கு பேக்கப்" என்று நினைத்துப் போட்டிருந்தால், அது இங்கே காலை 6.30. நீங்கள் அன்றைய விலையை ஏற்றுகிற அதே நேரம்! பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல் டம்ப் (mysqldump) வழக்கமான அமைப்பில் ஓடினால், எடுத்து முடிக்கும்வரை டேபிள்களைப் பூட்டி வைக்கும். படிக்கலாம், எழுத முடியாது. உங்கள் விலைப் பதிவு காத்திருக்கும், அதன் பின்னால் வருகிற வேலைகளும் வரிசையில் நிற்கும். டேபிள்கள் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் தரவைச் சேமிக்கும் ஒரு முறை) வகை என்றால் சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அந்தப் பூட்டு இல்லை. கூடவே நேரத்தையும் மாற்றுங்கள். நம் அதிகாலை 2 மணிக்கு யூடிசியில் 20.30.

அதுதான் காரணம் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் நவகிரகக் கோயில்களுக்கு கார் ஏற்பாடு செய்கிற ஒரு அண்ணனின் தளத்துக்கு நான் சர்வர் பார்க்கிறேன். கோயில் திறக்கும் நேரம், வழி, புக்கிங் எல்லாம் அதில் இருக்கிறது. சாதாரண நாளில் சத்தமே இருக்காது. குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடியையும், சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றையும் எல்லாரும் ஒரே நாளில் தேடுவார்கள். 2023 டிசம்பர் 20, சனிப்பெயர்ச்சி அன்று மதியமே தளம் படுத்துவிட்டது. நான்கு கோர் மெஷினில் லோடு ஆவரேஜ், அதாவது ஓடுகிற, காத்திருக்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 90ஐத் தாண்டி நின்றது. "தம்பி, காரைக்கால்ல நிக்கிற டிரைவருக்கு யாரை ஏத்தணும்னே தெரியல" என்று அண்ணன் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வயதானவர்கள் வெளியூரிலிருந்து வந்து ரயில் நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஓடும் வேலைகளைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் சிபியூ கிட்டத்தட்ட சும்மா இருந்தது. டபிள்யூஏ என்ற எண் மட்டும் 70க்கு மேல். அப்படி என்றால் சிபியூ டிஸ்கை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று பொருள். நினைவகத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், ஸ்வாப் (ராம் பற்றாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பி வழிந்தது. காரணம் அப்பாச்சியின் ஒரே ஒரு வரி. ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ் ரெக்வெஸ்ட் வொர்க்கர்ஸ் என்ற அளவை எனக்கு முன்னால் இருந்தவர் 400 என்று வைத்திருந்தார். அப்பாச்சியின் ப்ரீஃபோர்க் முறையில் ஒவ்வொரு வொர்க்கரும் தனி ப்ராசஸ், ஒவ்வொன்றும் பிஎச்பியைச் சுமந்துகொண்டு சுமார் 70 எம்பி எடுத்தது. 400 பேரும் உள்ளே வந்தால் 28 ஜிபி. எங்களிடம் இருந்தது 16. மிச்சம் டிஸ்குக்குப் போகும், டிஸ்கோ பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அப்புறம் எல்லாமே நின்றுவிடும்.

கணக்கை உட்கார்ந்து போட்டேன். மைஎஸ்க்யூஎல்லுக்கு 5 ஜிபி, இயங்குதளத்துக்கும் மற்றதற்கும் 2 ஜிபி. மீதி 9 ஜிபியை 70ஆல் வகுத்தால் 130 சொச்சம். 120 என்று வைத்தேன். குறைத்ததும் தளம் எழுந்தது. 400 பேரை உள்ளே விட்டு யாருக்கும் வேலை முடியாமல் இருப்பதைவிட, 120 பேரை விட்டு ஒவ்வொருவரையும் அரை நொடியில் அனுப்புவது வேகம். நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. உங்கள் ப்ராசஸ் அளவை டாப்பில் ஆர்ஈஎஸ் என்ற பத்தியில் பாருங்கள். பகிர்ந்துகொள்ளும் நினைவகமும் அதில் சேர்ந்து வருவதால் உண்மை அளவு கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அதனால் அந்தக் கணக்கு பாதுகாப்பான பக்கமே நிற்கும்.

அடுத்தது டேட்டாபேஸ். தரவை ராமில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. நான் 4 ஜிபி ஆக்கினேன். அதைவிடப் பலன் தந்தது மெதுவான தேடல்களைப் பதியும் ஸ்லோ க்வெரி லாக். அது இயல்பில் அணைந்திருக்கும், போட்டாலும் 10 நொடியைத் தாண்டியவற்றை மட்டுமே எழுதும். அதை 1 நொடியாக்கி ஒரு நாள் விட்டேன். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே க்வெரி. கோயில் எண்ணும் தேதியும் கொடுத்து புக்கிங் தேடுவது, அந்தப் பத்திகளில் இண்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் அகவரிசை) இல்லை. க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் ஆல் என்று வந்தது, டேபிள் முழுவதையும் ஒவ்வொரு முறையும் படிக்கிறது. ஒரு வரியில் இண்டெக்ஸ் சேர்த்ததும் இரண்டு நொடிக்கு மேல் எடுத்த வேலை கண்ணுக்குத் தெரியாத நேரமாகிவிட்டது. உங்கள் தளத்தில் சந்தை, பொருள், தேதி என்ற மூன்றையும் சேர்த்துத் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் கூட்டு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

விலைப் பட்டியல் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை ஒரு நிமிடம் கேஷில் (தயாரான நகலாக) வைத்தாலே, அந்த நிமிடத்தில் 500 பேர் வந்தாலும் பிஎச்பி ஒரு தடவைதான் ஓடும். ஆனால் லாகின் செய்த பக்கங்களைக் கேஷில் வைக்கவே கூடாது, ஒரு வியாபாரியின் போன் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். பிஎச்பி நிரலைத் தயாராக வைத்துக்கொள்ளும் ஓபிகேஷ் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பிஎச்பி 5.5 முதல் கூடவே வருகிறது.

ஜெர்மனி விஷயம் தனி. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட் நேர்க்கோட்டிலேயே 7,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 70 மில்லி நொடிக்குக் கீழே வரவே வராது, கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். முதல் பக்கம் திறக்க அப்படி மூன்று நான்கு தடவை போய்வர வேண்டும். பாதுகாப்பான இணைப்புக்கான, 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 போட்டால் ஒரு நடை மிச்சம். உங்கள் வாசகர்கள் வயலில் இரண்டு கோடு சிக்னலில் பார்ப்பவர்கள், அவர்களுக்கு அந்த ஒரு நடை தெரியும். பணம் செலவழிப்பதாக இருந்தால் நான் முதலில் எஸ்எஸ்டிக்கும், பிறகு மும்பை அல்லது சென்னையில் இருக்கும் சர்வருக்கும் செலவழிப்பேன். ராம் அதற்குப் பிறகு.

ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே நகல்) போட்டிருந்தால் அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) என்ற கோப்பையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு யூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கோடாக இருந்தால் ஒரு டிஸ்க் போய்விட்டது, மற்றதெல்லாம் அப்புறம்.

நாளைக் காலை 6.40க்கு டாப், ஃப்ரீ, ஷோ ப்ராசஸ்லிஸ்ட் (மைஎஸ்க்யூஎல்லில் ஓடும் வேலைகளின் பட்டியல்) மூன்றையும் எடுத்து, கிரான் பட்டியலோடு கருத்தில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.